எண்பது முறை தோற்றவர்கள்

தொடர்ந்து எண்பது ஆட்டங்களில் தோற்ற கல்லூரி அணியொன்று உண்டு என்றால் வாசக நேயர்கள் வியப்பர். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கறுப்பின மாணவரின் கல்விக்கென 1876 ஆம் ஆண்டில் தோன்றிய பிரெய்ரி வியூ பல்கலைக்கழகத்தின் அணியே அது. அவர்கள் ஆடுவது நமது உதைபந்தாட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். பெயர் மட்டும் அங்கும் உதைபந்தாட்டமே!

சவளக்கடையில் வாழும் எனக்கு இக்கதையில் இத்துணை ஈடுபாடு ஏற்பட்டதற்குக் காரணமுண்டு. எங்கள் பக்கத்துப் பாடசாலை அணியொன்று ஒரு பருவம் முழுவதும் ஓர் ஆட்டத்தையேனும் வெல்லவில்லை. "ஏன் சேர், சும்மா தோக்கிறதுக்கு ஒரு டீமா?" என்று பெற்றோர் ஒருவர் என்னை வினவினார். வினா நியாயமானதே. மாரியில் கிட்டங்கித் தாம்போதியை வெள்ளம் மூடினால் கல்முனைக்குச் செல்லும் வழியே அடைபட்டுவிடும். பயிற்சிக்குரிய நிலமோ வாரக்கணக்கில் சேறாகிக் கிடக்கும். இவற்றை எடுத்துக் கூறினேன். அவர் முகத்தில் தெளிவு பிறக்கவில்லை. பிறகே பிரெய்ரி வியூவைப் பற்றிச் சொன்னேன்.

அக்கல்லூரி என்றும் தோற்றுக்கொண்டிருந்த கல்லூரியன்று. பில்லி நிக்ஸ் என்னும் பயிற்றுநரின் காலத்தில், 1953, 1954, 1958, 1963, 1964 ஆகிய ஆண்டுகளில், கறுப்பினக் கல்லூரிகளுக்கிடையே தேசிய முதன்மை பெற்ற அணி அது. நிறவேற்றுமைத் தடைகள் நீங்கிய பின்னர், முன்பு கறுப்பின இளைஞருக்குக் கதவடைத்திருந்த பெரும் பல்கலைக்கழகங்கள் சிறந்த ஆட்டக்காரரைத் தம்பால் ஈர்த்துக்கொண்டன. நீதி கிடைத்தது, சிறு கல்லூரிகளோ வறண்டன. போதாக்குறைக்குப் பணச் சீர்கேட்டினால் 1990 ஆம் ஆண்டு ஆட்டமே நிறுத்தப்பட்டது. மறுவருடம் மீண்டபோது ஆட்டக்காரருக்குப் புலமைப்பரிசில் இல்லை. அப்பருவத்தில் அவ்வணி பெற்ற புள்ளிகள் 48; எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்தவை 617.

1991 இல் சேர்ந்து நான்கு பருவம் ஆடி வெளியேறிய மாணவன் ஒரு வெற்றியையும் காணாமலே பட்டம் பெற்றிருப்பான். இதை நினைக்குந்தோறும் என் நெஞ்சு கனக்கிறது. சலுகையில்லை, புகழில்லை, மறுநாளும் பயிற்சிக்கு வந்து நிற்கின்றான். அவனை நிறுத்தி வைத்தது எது? கல்லூரியின் வாத்தியக் குழு புகழ் பெற்றது. பலர் அதன் இசைக்காகவே மைதானம் வந்தனராம். ஆனால் இசை கேட்க வந்த கூட்டத்தின் முன் தோற்பது இன்னும் கொடிதல்லவா?

வறுமை ஒன்றே காரணமென்று முடிவுகட்டவும் இயலாது. நியூயோர்க்கின் செல்வம் மிக்க கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1983 முதல் 1988 வரை 44 ஆட்டங்களில் தொடர்ந்து தோற்றது. அந்த ஆண்டு ஒக்டோபர் 8 ஆந் திகதி பிரின்ஸ்டனை 16–13 என வென்றே மீண்டது. எனினும் கொலம்பியாவுக்கு ஆட்டம் ஓர் அணிகலன். பிரெய்ரி வியூவுக்கோ தன் பழம்பெருமையின் கடைசி எச்சம். என் அனுதாபம் பின்னதன் பக்கமே.

1998 செப்டெம்பர் 26 ஆந் திகதி லாங்ஸ்டன் அணியை 14–12 என வென்று பிரெய்ரி வியூ அத்தொடரை முறித்தது. இரண்டே புள்ளி வித்தியாசம்!

பெற்றோர் கேட்டு முடித்து, "அந்தப் பிள்ளைகளுக்குச் சப்பாத்தாவது இருந்திச்சா, சேர்?" என்றார். நமது பிள்ளைகளிற் பலர் வெறுங்காலுடன் பயில்வதை அவர் அறிவார். அடுத்த பருவத்துக்கு முன் மேட்டுநிலம் ஒன்றைத் தேடவேண்டுமென்று இருவரும் பேசிக்கொண்டோம்.