சௌடர் என்னும் சொல்

சொற்பிறப்பு ஆராயப் புகுவார்க்கு ஒலியொற்றுமையைப் போல இன்பந் தருவதும் பிறிதில்லை. அதனைப் போல ஏமாற்றுவதும் பிறிதில்லை. இருவேறு மொழிகளின் சொற்கள் இரண்டு செவிக்கு ஒத்திருப்பின், ஒன்று மற்றொன்றன் திரிபே எனத் துணிந்துவிடுகின்றோம். தமிழார்வம் மிக்க நம்மவரிடையே இவ்வழக்கம் சற்று மிகுதி. அத்துணிபு எங்கே தகும், எங்கே தகாது என்பதைச் 'சௌடர்' என்னும் ஆங்கிலச் சொல்லைக் கொண்டு ஈண்டு விளக்கக் கருதுகின்றேன்.

சௌடர் என்பது வட அமெரிக்காவின் கீழ்க்கரையில், சிறப்பாக நியூ இங்கிலாந்துப் பகுதியில், வழங்கும் ஓர் உணவு. மீனையோ மட்டியையோ வெங்காயம், உருளைக்கிழங்கு, பால் முதலியவற்றோடு சேர்த்துக் கொழுமையாகக் காய்ச்சுவர். ஹெர்மன் மெல்வில் 1851 இல் வெளியிட்ட 'மோபி டிக்' நாவலின் அத்தியாயம் ஒன்றுக்கு இவ்வுணவின் பெயரே தலைப்பாயிற்று.

இச்சொல்லைக் குறித்து மாணாக்கர் ஒருவர் என்னிடம், "ஐயா, நம்முடைய சாறு என்னும் சொல்லே கடல் கடந்து சௌடர் ஆயிற்று எனலாமா?" என்று வினாவினார். வினா காரணமற்றதன்று. ஆங்கிலேயர் 'மல்லிகட்டானி' என வழங்குவது நம் மிளகுத்தண்ணீரே. ஆனால், அம்முடிபுக்குச் சான்றுகள் உள. மிளகு, தண்ணீர் என்னும் இரு பகுதிகளும் அச்சொல்லில் அடையாளங் காணக் கிடக்கின்றன. உணவும் மிளகிட்ட நீருணவே. தென்னிந்தியாவிலிருந்த ஆங்கிலேயர் 18 ஆம் நூற்றாண்டிலேயே அதனை எழுத்தில் ஆண்டுள்ளனர். சாறு சௌடராயிற்று என்பார்க்கு இவற்றுள் ஒன்றேனும் உண்டா? தமிழர் அடுக்களையிலிருந்து அட்லாண்டிக் மீனவரின் படகுக்கு அச்சொல்லைச் சுமந்து சென்றவர் யாவர்? சொல்லின் ஈற்றில் நிற்கும் 'டர்' எங்கிருந்து வந்தது? இவற்றுக்கு விடையில்லை.

அங்ஙனமாயின் அச்சொல்லின் பிறப்பிடம் யாது? பிரெஞ்சு மொழியின் 'ஷோதியேர்' என்பதே என்பது பெரும்பான்மை அறிஞர் முடிபு. அதன் பொருள் கொப்பரை. இலத்தீனில் 'கலிதுஸ்' என்றால் வெம்மையுடையது; அதனடியாகப் பிறந்த 'கல்தாரியா' நீர் காய்ச்சும் கலத்தைக் குறித்தது. இலத்தீனின் மொழிமுதற் ககரம் அகரத்தின் முன் நிற்கையில் பிரெஞ்சில் 'ஷ' எனத் திரிதல் விதி. பாடுதலைக் குறிக்கும் 'காந்தாரே' என்பது 'ஷாந்தே' ஆயினமையும் அவ்விதியாலேயே. ஆகவே இஃது ஒலியொற்றுமை பற்றி எழுந்த ஊகமன்று. விதி பற்றி எழுந்த முடிபு என்க.

பொருளும் இதற்கு அரணாகின்றது. பிரான்சின் பிரித்தானி மாகாணத்து மீன்பிடி ஊர்களிற் 'கொப்பரை வைத்தல்' என ஒரு வழக்கம் இருந்ததாகக் குறிப்புண்டு. மீனவர் தத்தம் பங்காக மீனும் விசுக்கோத்தும் கொணர்ந்து ஒரே கொப்பரையிலிட்டுச் சமைத்துப் பகிர்ந்துண்பர்; நம் சிறுவர் ஆக்கும் கூட்டாஞ்சோறு போல்வது அது. அம்மீனவர் 16 ஆம் நூற்றாண்டு முதற்கொண்டே கொட் மீன் பிடிக்க நியூபவுண்லாந்துக் கடலுக்குச் சென்றவர்கள். அவ்வழியே வழக்கமும் சொல்லும் அமெரிக்கக் கரையை அடைந்தன என்பது பொருத்தமுடைத்து.

உடன்பிறந்த மொழிகளும் சான்று பகர்கின்றன. போர்த்துக்கேயர் தம் மீன்குழம்பொன்றைக் 'கல்தெய்ராதா' என்பர். ஸ்பானியர் 'கல்தெரெத்தா' என்பர். பிரான்சின் மேலைக்கரையார் 'ஷோத்ரே' என்பர். மூன்றும் கொப்பரைப் பெயரடியாகப் பிறந்தனவே. இங்கிலாந்தின் தென்மேற்கில் மீன் விற்போனைக் குறிக்கும் 'ஜௌட்டர்' என்னும் வட்டாரச் சொல்லே மூலம் என்பாரும் உளர். அது விற்பவன் பெயரேயன்றி உணவின் பெயரன்று. ஆதலின் அக்கொள்கை வலியற்றதென்பது என் கருத்து.

கலத்தின் பெயர் கலத்திலுள்ள உணவுக்கு ஆதல் நம் மாணாக்கர்க்குப் புதிதன்று. நன்னூலார் வகுத்த ஆகுபெயர்களுள் இடவாகுபெயரின்பாற் படும் அது. 'பாலை இறக்கு' என்புழிப் பாலின் பெயர் கலத்திற்காதல் தானியாகுபெயர்; சௌடர் அதற்கு மறுதலை. ஸ்பானியரின் 'பயெய்யா' என்னும் சோற்றுணவும் வாணலியின் பெயரையே பெற்றது. இலக்கணம் ஒரு மொழிக்கே உரித்தாயினும், அது கண்ட மனவியல்பு மாந்தர் அனைவர்க்கும் பொது என்பது இதனாற் புலனாகும்.

ஆகுபெயர் நிலைத்தபின் மூலப்பொருள் மறைதலும் இயல்பே. 1751 இல் பொஸ்டன் நகரப் பத்திரிகையொன்று செய்யுளாக வெளியிட்ட சௌடர்ச் செய்முறையில் வெங்காயம், பன்றியிறைச்சி, மீன், ஊறவைத்த விசுக்கோத்து என்பன அடுக்கடுக்காக இடப்படுகின்றன. பாலும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. பின்னர் அவை புகுந்தன. 1939 இல் மேயின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர், மட்டிச் சௌடரில் தக்காளி இடுவதைத் தடைசெய்ய ஒரு மசோதாவே கொணர்ந்தார்! கொப்பரை மறக்கப்பட்டது, கொப்பரையுள் எதை இடலாம் என்பதே வழக்காயிற்று.

ஆசிரியர்களாகிய நாம் மாணாக்கர்க்குக் கற்பிக்க வேண்டுவன நான்கு வினாக்கள். ஒலித்திரிபுக்கு விதி உண்டா? பொருள் பொருந்துமா? சொல்லைக் கொண்டுசென்றவர் யாவர்? இனமொழிகள் சான்று தருகின்றனவா? இவற்றை வினவாது உலகச் சொற்களெல்லாம் தமிழே என்று முழங்குவோமாயின், உண்மையில் தமிழாகியவற்றைச் சொல்லும்போதும் உலகம் நம்மை நம்பாது. மிளகுத்தண்ணீர் நம்முடையது என்று தலைநிமிர்ந்து கூற விரும்புவோர்க்குச் சௌடர் நம்முடையதன்று என்று கூறும் நேர்மையும் வேண்டும்.