சொல்லைத் தேடிய திரை

நுழையும்முன்

நாடகம் கண்முன் நிகழ்ந்து மறைவது. திரைப்படம் பதிவாகி நிலைப்பது. ஊமைப்படங்கள் பேசத் தொடங்கிய காலத்தில் இவ்விரு கலைகளுக்கும் இடையே பெரும் வழக்கு ஒன்று எழுந்தது. அவ்வழக்கில் சொல்லின் பக்கம் துணிந்து நின்றவர் பிரெஞ்சு நாடக ஆசிரியர் மார்செல் பாஞோல். அவர் கூறிய கொள்கையும் அவர் எடுத்த படங்களும் எந்த அளவுக்கு ஒத்துப்போயின என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பிரான்சின் தென்பகுதியில், மார்செய் துறைமுகத்துக்கு அருகிலுள்ள ஒபாஞ் என்னும் ஊரில் 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாஞோல் பிறந்தார். அதே ஆண்டின் டிசம்பரில்தான் லூமியர் உடன்பிறப்புகள் பாரிஸில் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். தந்தை பள்ளி ஆசிரியர். மகனும் ஆங்கில ஆசிரியராகவே வாழ்க்கையைத் தொடங்கினார். பாரிஸ் பள்ளியொன்றில் பணியாற்றியபோது நாடகம் அவரை ஈர்த்துக்கொண்டது.

1928இல் மேடையேறிய 'தோபாஸ்' அவருக்குப் பெரும்புகழ் தந்தது. செல்வர் வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைத் திருத்த மறுத்து வேலை இழக்கும் நேர்மையான ஆசிரியர், ஊழல் புரியும் நகர்மன்ற உறுப்பினரின் கைப்பாவையாகிறார்; பின்பு அவரையே விஞ்சுகிறார். பள்ளிக்கூடத்தை உள்ளிருந்து அறிந்தவர் எழுதிய அங்கதம் அது.

மறு ஆண்டு அரங்கேறிய 'மாரியுஸ்', மார்செய் துறைமுகத்தின் மதுக்கடை ஒன்றில் நிகழ்வது. கடைக்காரர் செஸாரின் மகன் மாரியுஸுக்குக் கடற்பயணத்தின் மீது தீராத வேட்கை. அவனை விரும்பும் ஃபன்னி, தன் துயரை மறைத்து அவனைக் கப்பலேற விடுகிறாள். இச்சோகக் கதையின் நடுவே வரும் சீட்டாட்டக் காட்சியே இன்றளவும் மக்கள் நினைவில் நிற்கிறது. எதிரணியில் உள்ள பனிஸ், இதயச் சீட்டைத் துருப்பால் வெட்டுவான் என்பதைச் செஸார் தம் கூட்டாளிக்கு எப்படியாவது உணர்த்த வேண்டும். வெளிப்படையாகச் சொன்னாலோ ஆட்டம் கெடும். எனவே பனிஸ் தம் இதயத்தையே பிளந்துவிட்டதாகப் புலம்புகிறார். கூட்டாளிக்கோ அது விளங்கவில்லை. புலம்பலை மீண்டும் மீண்டும் கேட்ட பின்னரே அவருக்குப் பொறிதட்டுகிறது. அதற்குள் எதிராளியும் புரிந்துகொண்டு வெகுண்டெழுகிறார். ஒரே தொடரின் இருபொருளைக் கொண்டு ஒரு காட்சி முழுவதையும் நடத்திச் செல்லும் இத்திறமே பாஞோலின் தனித்தன்மை.

அக்காலத்தில்தான் அவர் லண்டனில் பேசும்படம் ஒன்றைக் கண்டார். எழுத்தாளனுக்குப் புதிய கருவி கிடைத்துவிட்டது என்று 1930இல் நாளிதழில் எழுதினார். பேசும்படம் என்பது நாடகத்தைப் பதிவுசெய்து, நிலைபெறச் செய்து, எங்கும் பரப்பும் கலையே என்பது அவர் துணிபு. திரையுலகினர் சினந்தனர். காட்சியாலேயே கதை சொல்லப் பழகிய இயக்குநர் ரெனே கிளேர் முதலியோர், திரைக்கலையை மேடைக்கு அடிமையாக்கும் முயற்சி இது எனக் கருதினர். அவர்களின் அச்சம் வீண் என்று சொல்லிவிட முடியாது. அசையாத படக்கருவியின் முன் நடிகர்கள் நின்று பேசும் சலிப்பூட்டும் படங்கள் அந்நாளில் பல வந்தன.

1931இல் பாரமவுண்ட் நிறுவனத்துக்காக அலெக்சாண்டர் கோர்டா 'மாரியுஸ்' நாடகத்தைப் படமாக்கினார். செஸாராக மேடையில் நடித்த ரெமுவே திரையிலும் நடித்தார். அதன் தொடர்ச்சியான 'ஃபன்னி' 1932இல் வெளிவந்தது. மூன்றாம் பகுதியான 'செஸார்' என்பதைப் பாஞோல் நேரடியாகத் திரைக்கே எழுதி, 1936இல் தாமே இயக்கினார். அது நாடகமானது அதற்குப் பின்னர்தான்! நாடகத்தைப் பரப்பவே திரைப்படம் என்றவர் கையிலேயே வரிசை தலைகீழானது.

இதனினும் வியப்பானது, 1934இல் அவர் எடுத்த 'ஆன்ஜெல்'. சொல்லையே நம்பிய அவர், படக்கருவியையும் ஒலிப்பதிவுக் கருவிகளையும் அரங்கிலிருந்து எடுத்துச்சென்று மார்செய்க்கு அருகிலுள்ள குன்றுகளில் நிறுத்தினார். 1937இல் வெளிவந்த 'ரெகேன்' படத்துக்காகக் குன்றின்மேல் பாழடைந்த ஊர் ஒன்றையே கட்டச் செய்தார். படப்பிடிப்பின்போது நடிகர்களைப் பார்ப்பதைவிட, ஒலிப்பதிவு வண்டியில் அமர்ந்து அவர்கள் பேச்சைக் கேட்பதையே அவர் விரும்பினார் என்பர். எனினும் அப்படங்களில் வெயிலும் பாறையும் காற்றும் உரையாடலுக்கு இணையாக நிற்கின்றன. தம் கொள்கையை அவரே படக்கருவியால் மறுத்துவிட்டார் என்று கூறத் தோன்றுகிறது.

1938இல் வந்த 'ரொட்டிக்காரரின் மனைவி' அவர் கலையின் உச்சம். சிற்றூர் ஒன்றுக்குப் புதிதாக வந்த ரொட்டிக்காரரின் இளம் மனைவி, இடையன் ஒருவனோடு சென்றுவிடுகிறாள். மனமுடைந்தவர் அடுப்பை மூட்டாமல் விடுகிறார். ரொட்டியின்றித் தவிக்கும் ஊரார், தீராப் பகை கொண்டவர்களும் உட்பட, ஒன்றுகூடி அவளைத் தேடுகின்றனர். அவள் திரும்பி வந்ததும் கணவர் அவளிடம் ஒரு கடுஞ்சொல்லும் கூறுவதில்லை. அந்நேரம் பார்த்து, சில நாள் காணாமற்போயிருந்த பெண்பூனை வீடு வந்து சேர்கிறது. சினமும் ஆற்றாமையும் கலந்த வசை முழுவதும் பூனையின் தலையில் இறங்குகிறது. மனைவி கேட்டுக்கொண்டு அழுகிறாள். சிரிக்கத் தொடங்கிய பார்வையாளர் பாதியிலேயே சிரிப்பை இழக்கின்றனர். ரொட்டிக்காரராக நடித்த ரெமுவை மாபெரும் நடிகராக ஆர்சன் வெல்ஸ் போற்றினார்.

போர் மூண்டு பிரான்சு செருமானியரிடம் வீழ்ந்தபோது, எடுத்துக்கொண்டிருந்த படமொன்று அவர்கள் கைக்குப் போகக்கூடாதெனக் கருதி அதன் சுருள்களைப் பாஞோல் அழித்தார். 1946இல் பிரெஞ்சு அகாதெமி அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. திரைப்பட இயக்குநர் ஒருவர் அப்பேரவையில் இடம்பெற்றது அதுவே முதல்முறை.

ஊற்றுநீரை மறைத்து ஒரு குடும்பத்தை அழித்த கொடுமையையும் அதற்கான பழிவாங்கலையும் சொல்லும் 'ஊற்றுகளின் மானோன்' 1952இல் திரைக்கு வந்தது. அக்கதையையே விரித்து 1963இல் இரு பாகங்கள் கொண்ட புதினமாக எழுதினார். பாஞோல் 1974இல் மறைந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, அப்புதினத்திலிருந்து கிளோத் பெர்ரி இரண்டு படங்களை எடுத்தார்.