பனிக்காலத்தில் சந்தக்பூ: ஐந்து பேரின் பயணத் திட்டம்

"ரிடையர் ஆன பிறகு இமயமலையில், அதுவும் பனிக்காலத்தில், நடக்கப் போகிறீர்களாமே! உடம்பு தாங்குமா?" என்று சங்கத்து அன்பர்கள் சிலர் கேட்டார்கள். அவர்களில் இருவர் சற்று நேரம் கழித்துத் தனியாக வந்து, "எப்படிப் போவது, என்ன ஏற்பாடு?" என்றும் விசாரித்தார்கள். ஆளுக்கு ஆள் சொல்லுவதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது.

பிரேசர் டவுனில் எங்கள் தெருவிலிருந்து ஐந்து பேர் போகிறோம். நான் ஒருவன். என்னுடன் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கார்டு ஒருவர் (இப்போது அந்தப் பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எனக்கு அவர் கார்டுதான்). எதிர் வீட்டு டீச்சரம்மா. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய தம்பி மகன், அவனுடைய நண்பன். இருவரும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். கார்டுக்குச் சர்க்கரை, இன்சுலின் போட்டுக் கொள்கிறார். டீச்சரம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை. எனக்கு இடது முழங்கால் கொஞ்சம் பேசும். ஆக, திட்டம் போடும்போதே மூன்று நோயாளிகளையும் இரண்டு அவசரக்காரர்களையும் வைத்துக் கொண்டுதான் போட வேண்டியிருந்தது.

இளைஞர்கள் முதலில் சொன்னது லடாக்கின் சாதர். ஜனவரி, பிப்ரவரியில் சன்ஸ்கார் ஆறு உறைந்து, அந்தப் பனிப்பலகை மேலேயே நடந்து போகும் பாதை அது. படத்தில் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். நான் வேண்டாம் என்றதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல. லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பெங்களூரோ 920 மீட்டர். விமானத்தில் போய் இறங்கினால் ஒரே காலையில் இரண்டாயிரத்தைந்நூறு மீட்டருக்கு மேல் ஏறிவிடுகிறோம். அதுகூடப் பரவாயில்லை, அங்கே சில நாள் தங்கிச் சமாளிக்கலாம். ஆனால் சாதர் பாதை ஆற்றோடு போகிறது. இருபுறமும் செங்குத்துப் பாறை. ஒருவருக்கு உயரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் உடனே கீழே இறக்க வேண்டும், அதுதான் முதல் மருந்து. அங்கே "கீழே" என்று ஓர் இடமே கிட்டத்தில் இல்லை. திரும்பி நடந்தாலும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நடந்து கொண்டிருப்பீர்கள். அறுபது வயதுக்காரர்களை வைத்துக்கொண்டு அப்படி ஓர் இடத்துக்குப் போக என் மனம் ஒப்பவில்லை.

அதனால் சந்தக்பூவைத் தேர்ந்தெடுத்தோம். மேற்கு வங்காளத்தின் மிக உயர்ந்த இடம், 3,636 மீட்டர். டார்ஜிலிங்குக்கு மேற்கே, நேபாள எல்லையை ஒட்டிப் போகும் சிங்கலீலா மலைத்தொடரில் இருக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் கஞ்சன்ஜங்காவும் எவரெஸ்டும் லோட்சேயும் மகாலுவும் ஒரே இடத்திலிருந்து தெரியும். உலகின் ஐந்து பெரிய சிகரங்களில் நான்கு. பனிக்காலத்தில் காற்று தெளிவாக இருக்கும் என்பதால்தான் தை மாதத்தில் போகிறோம். பாதை நெடுக ஊர்களும் தங்கும் விடுதிகளும் உண்டு. கூடாரம் சுமக்க வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, மானேபஞ்சாங் என்ற அடிவார ஊரிலிருந்து சந்தக்பூ வரை ஜீப் போகிறது. அதில் ஏறிப் போக எங்களுக்கு எண்ணமில்லை. இறங்கி வருவதற்கு அது இருக்கிறது என்பதே எங்களுக்கு முக்கியம்.

உயரத்தை நமக்குத் தெரிந்த மலைகளை வைத்துச் சொல்கிறேன். மானேபஞ்சாங் ஏறத்தாழ கொடைக்கானல் உயரம். வழியில் கைரிபாஸ் என்ற இடம் 2,621 மீட்டர். நம் ஊட்டியின் தொட்டபெட்டா உச்சி 2,637. அதாவது நம்மில் பலர் ஜீவிதத்தில் ஏறிய மிக உயர்ந்த இடம் அங்கே பாதி வழிதான். அதற்கு மேல் இன்னும் ஆயிரம் மீட்டர் இருக்கிறது. சந்தக்பூவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 64 சதவிகிதம். நம் பெங்களூரில் 90. ஒரு மூச்சுக்கு இங்கே கிடைக்கும் பிராணவாயுவில் பத்தில் ஏழு பங்குதான் அங்கே கிடைக்கும் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

உடம்பு இதற்குப் பழகிக் கொள்ளும், நேரம் கொடுத்தால். கொடுக்காவிட்டால் தலைவலி, வாந்தி, தூக்கமின்மை, களைப்பு என்று தொடங்கும். இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. போய்ச் சேர்ந்தவுடன் ஒன்றும் தெரியாது. ஆறு மணி, பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் இரவில்தான் தெரியும். அதற்குள் ஜீப் திரும்பிப் போயிருக்கும், இருட்டியிருக்கும். அலட்சியப்படுத்தினால் நுரையீரலில் நீர் கோக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும். அல்லது மூளை வீங்கும். பேச்சுக் குழறும், நடை தள்ளாடும். இரண்டுமே உயிரைக் குடிப்பவை. 2024ஆம் ஆண்டின் கடைசியில் சந்தக்பூ பக்கம் போன சுற்றுலாப் பயணிகள் சிலர் இறந்த செய்தி வந்தது. இருபதுகளில் இருந்த ஒரு பெண்ணும் அவர்களில் ஒருவர் என்று படித்தபோது டீச்சரம்மா தம்பி மகனைத் திரும்பிப் பார்த்தார். இளமையோ, தினமும் ஓடுகிற பழக்கமோ இதற்குக் காப்பு அல்ல. சொல்லப்போனால் தெம்புள்ளவன்தான் வேகமாக ஏறி முதலில் படுக்கிறான்.

பாக்டோக்ரா விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து நூற்றுச் சொச்சம் மீட்டர்தான். காலையில் அங்கே இறங்கி, டார்ஜிலிங்கில் ஓர் இரவு தூங்கி, மறுநாள் ஜீப்பில் சந்தக்பூ போய்ப் படுக்கும் திட்டங்களை இன்று எத்தனையோ பேர் விற்கிறார்கள். மலைமேல் ரயில் பாதை போட்டவர்கள் அப்படிச் செய்யவில்லை. நம் நீலகிரி ரயிலுக்குச் செங்குத்தான இடத்தில் பல்சக்கரம் உண்டு. 1881இல் டார்ஜிலிங் வரை ஓடத் தொடங்கிய சின்ன ரயிலுக்கு அதுவும் கிடையாது. சரிவு தாங்காத இடங்களில் பாதையை இசட் எழுத்துப் போல மடித்தார்கள். வண்டி முன்னே போகும், நிற்கும், பின்னோக்கிப் போகும், மறுபடி முன்னே போகும். அப்படிப் பின்வாங்கிப் பின்வாங்கித்தான் அது 2,258 மீட்டரில் இருக்கும் கூம் ஸ்டேஷனை எட்டுகிறது. இந்தியாவிலேயே உயரமான ரயில் நிலையம் அது.

எங்கள் திட்டமும் அந்த மாதிரிதான். மலை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு இது: 3,000 மீட்டருக்கு மேல், இன்று இரவு படுக்கும் இடம் நேற்று இரவு படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரக்கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு நாள் ஏறாமல் தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் போனாலும் இரவு எங்கே படுக்கிறோம் என்பதே கணக்கு. நாங்கள் 3,000 மீட்டருக்குக் கீழேயும் அதே அளவைக் கடைப்பிடிக்கிறோம். டார்ஜிலிங்கில் இரண்டு இரவு, ஏறத்தாழ 2,040 மீட்டர். பிறகு மானேபஞ்சாங் போய், அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் மட்டும் நடந்து சித்ரேயில் தங்கல், சுமார் 2,500. அடுத்த நாள் தும்லிங், 2,970. அதற்கடுத்த நாள் கைரிபாஸுக்கு இறங்கி, மறுபடி ஏறி காலாபோக்ரி, 3,186. அங்கே இன்னொரு இரவு சும்மா தங்கல். பகலில் கொஞ்சம் மேலே நடந்துவிட்டுக் கீழே வந்து படுப்போம். அதன் பிறகு சந்தக்பூ. பொதுவாக மானேபஞ்சாங்கிலிருந்து மூன்று நாளில் ஏறுவதை நாங்கள் ஐந்து நாளாக ஆக்கியிருக்கிறோம்.

"அங்கிள், லீவ் கிடைக்காது" என்று இளைஞர்கள் இரண்டு வாரம் சண்டை போட்டார்கள். ரயில்வே டைம் டேபிளில் என்ஜினியரிங் அலவன்ஸ் என்று ஒன்று உண்டு. தண்டவாள வேலை நடக்கும் இடங்களில் வண்டி மெதுவாகப் போக வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே சில நிமிடங்களைச் சேர்த்து வைப்போம். வேலை இல்லாத நாளில் வண்டி சீக்கிரம் வந்து ஸ்டேஷனுக்கு வெளியே நிற்கும், பயணிகள் நம்மைத் திட்டுவார்கள். அந்த நிமிடங்கள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது டிரைவருக்குத் தெரியும். இதைச் சொன்ன பிறகு தம்பி மகன் மேலதிகாரியிடம் இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு வாங்கிவிட்டான். சந்தக்பூவிலிருந்து மேலும் 21 கிலோமீட்டர் போனால் பலூட். பனி கொட்டியிருந்தால் அது கிடையாது. வழிகாட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்.

இனி நான் மிக அதிக நேரம் செலவிட்ட விஷயத்துக்கு வருகிறேன். யார், எப்போது, யாரோடு இறங்குவது?

மேலே போன பிறகு இதைப் பேச முடியாது. இவ்வளவு செலவழித்து வந்தோமே என்று இருக்கும். நம்மால் மற்ற நால்வருக்கும் கெட்டுப் போகிறதே என்ற கூச்சம் இருக்கும். அதனால் தலைவலியை மறைப்பார்கள். உயரம் ஏறினால் யோசிக்கிற புத்தியும் மங்கும். ஆகவே இங்கேயே, டீச்சரம்மா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி ஐவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தலைவலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். தலைவலியோடு யாரும் மேலே ஏறுவதில்லை. ஒரு ராத்திரிக்குள் சரியாகாவிட்டால், அல்லது மோசமானால், இறங்க வேண்டும். தினமும் சாயங்காலம் எல்லாரும் தண்டவாளத்தின் மேல் நடப்பது போலக் குதிகாலும் கால்விரலும் ஒட்ட ஒரு நேர்க்கோட்டில் பத்தடி நடந்து காட்ட வேண்டும். தள்ளாடினால் பேச்சே இல்லை, அப்போதே கீழே. பாதையில் ரோந்து போகும் கீமேன் தண்டவாளத்தில் விரிசலைப் பார்த்தால் யாரிடமும் அனுமதி கேட்காமல் சிவப்புக் கொடி காட்டி மெயில் வண்டியையே நிறுத்துவான். அதே அதிகாரம் எங்களில் ஒவ்வொருவருக்கும் உண்டு. ஒருவர் நிறுத்தினால் ஏன் என்று விவாதம் கிடையாது.

தனியாக யாரையும் இறக்கக்கூடாது என்பதால் ஜோடியும் போட்டாயிற்று. டீச்சரம்மாவுக்குத் தம்பி மகன். கார்டுக்கு நான். நண்பன் மற்றவர்களோடு. சிங்கலீலா தேசியப் பூங்காவுக்குள் வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். நாங்கள் இரண்டு பேரை ஏற்பாடு செய்கிறோம். ஒரே வழிகாட்டி என்றால், குழு இரண்டாகப் பிரியும்போது ஒரு பாதி திக்கற்று நிற்கும். ஜீப் வாடகைக்கென்று ரொக்கம் தனி உறையில் போட்டு என் உள்பையில் இருக்கும். வேறு எதற்கும் அதைத் தொடுவதில்லை.

என் மனைவி கேட்டது ஒன்றுதான்: "அவருக்கு முடியலேன்னா நீங்க நிஜமா கூட இறங்கி வருவீங்களா? இல்லே, நீ போப்பா நான் பாத்துட்டு வரேன்னு சொல்லுவீங்களா?" வருவேன் என்றேன். கார்டுக்குச் சர்க்கரை இருக்கும் நிலையில் நான் சந்தக்பூவைப் பார்க்காமலே திரும்பும் சாத்தியம் ஐவரில் எனக்குத்தான் அதிகம். அது தெரிந்துதான் அவரோடு ஜோடி சேர்ந்தேன். முப்பது வருஷம் ஒரே லைனில் வேலை பார்த்தவர்.

குளிருக்கு வருகிறேன். இன்சுலின் உறைந்துவிட்டால் பிறகு உருகினாலும் பயன்படாது, எறிய வேண்டியதுதான். அதனால் அது பையில் அல்ல, சட்டைக்குள் உடம்போடு இருக்கும்; இரவில் போர்வைக்குள். சர்க்கரை பார்க்கும் கருவிக்கும், கேமரா, போன் பேட்டரிக்கும் அதே இடம்தான். பருத்தி பனியன் வேர்வையில் நனைந்தால் காயாது, உடம்பைச் சில்லிட வைக்கும். கம்பளி அல்லது செயற்கை நூல் உள்ளாடை வேண்டும். குளிரில் தாகம் தெரியாது என்பதால் மணி பார்த்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். குளிருக்கு இதமாக ஒரு வாய் பிராந்தி என்று யோசனை சொன்ன அன்பருக்குப் பதில்: மேலே அது ஆகவே ஆகாது. தூக்க மாத்திரையும் அப்படித்தான். மூச்சை இன்னும் மந்தமாக்கும். டயமாக்ஸ் என்ற மாத்திரை உயரத்துக்குப் பழக உதவும். ஆனால் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு, டாக்டர் சொல்லாமல் போடக்கூடாது. பனியில் பட்டு வரும் வெயில் கண்ணைப் புண்ணாக்கும், ஆகவே கறுப்புக் கண்ணாடி. செருப்புக் கடையில் கிடைக்காத ஒன்று, பூட்ஸுக்கு அடியில் மாட்டும் இரும்புப் பல். உறைந்த சாலையில் அது இல்லாமல் டீச்சரம்மாவை நடக்க விடமாட்டேன்.

சமையலிலும் ஒரு சங்கதி. சந்தக்பூவில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். பருப்பு குக்கர் இல்லாமல் வேகாது. நாங்கள் சமைக்கப் போவதில்லை. விடுதிகளில் சோறும் பருப்பும் துக்பாவும் கிடைக்கும். உயரத்தில் பசி மந்தமாகும் என்பதால் நாக்குக்கு இழுக்க புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் டீச்சரம்மா பொறுப்பு.

பொழுதையும் கணக்கில் வைக்க வேண்டும். கடிகாரம் ஒன்றானாலும் சூரியன் ஒன்றல்ல. ஜனவரி தொடக்கத்தில் இங்கே ஆறு மணிக்கு மேல் அஸ்தமனம். டார்ஜிலிங் பக்கத்தில் ஐந்து மணிக்கு முன்பே. பிற்பகல் இரண்டு மணிக்குள் அன்றைய நடையை முடித்துவிட வேண்டும் என்பது எங்கள் விதி. பாதை இந்தியாவுக்கும் நேபாளத்துக்கும் மாறி மாறிப் போகிறது, தும்லிங்கே நேபாளத்தில்தான் இருக்கிறது. சோதனைச் சாவடிகளில் காட்ட அசல் அடையாள அட்டை அவசியம்.

பயிற்சிக்கு வாரம் மூன்று நாள் கோல்ஸ் பார்க்கில் நடை, மாதம் இரண்டு முறை நந்தி மலைப் படிகள். நந்தி 1,478 மீட்டர்தான். காலுக்குப் பயிற்சி கிடைக்கும், உயரத்துக்குக் கிடைக்காது.

போவது ரயிலில். பையப்பனஹள்ளி விஸ்வேஸ்வரய்யா டெர்மினல் 2022இல் வந்த பிறகு கவுகாத்தி வண்டி நமக்கு ஆட்டோ தூரத்தில் புறப்படுகிறது. நியூ ஜல்பைகுரியில் இறங்கினால் சின்ன ரயில் அங்கேயே. முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. பொங்கல் முடிந்து கிளம்புகிறோம், ஆகவே நவம்பர் நடுவில் டிக்கெட். அதற்கு முன் ஐவரும் டாக்டரிடம் ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் முடித்து, இந்தக் கால அட்டவணையையும் அவரிடம் காட்டப் போகிறோம். கார்டின் மூன்று மாதச் சர்க்கரை அளவு எப்படி வருகிறதோ, அதைப் பார்த்து அவர் டார்ஜிலிங் வரையா, காலாபோக்ரி வரையா, முழுவதுமா என்று டாக்டர் சொல்வார். இன்சுலினுக்குச் சட்டைக்குள் தைக்கும் பை மட்டும் இப்போதே தயார்; அவர் சம்சாரம் பழைய ரயில்வே கம்பளிக் கோட்டுத் துணியில் தைத்துக் கொடுத்திருக்கிறார்.