பார்வை இங்கே, பாதம் அங்கே!

சடுகுடு என்றதும் “முரட்டு ஆட்டம்!” என்று முகம் சுளிக்கும் தாய்மார்களே, சற்றுப் பொறுங்கள்! பாடிச் செல்லும் பெண்ணுக்குக் கிடைப்பது 30 விநாடி. எதிரே ஏழு பேர். பலம் மட்டும் போதுமா? அதனால்தான் பயிற்சியில் பாசாங்கும் சொல்லித் தருகிறார்கள். கண் இடப் பக்கம் பார்க்கும். எதிரிகள் அங்கே சாய்வார்கள். கால் வலப் பக்கத்தில் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பிவிடும்!

அடையாற்றுக்குத் தெற்கே கண்ணகி நகர், கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000 முதல் குடியேறிய இடம். வேலைக்கு மனுப் போடும்போது அந்த விலாசத்தை மறைத்தவர்கள் உண்டு. அங்கே ஆடிப் பழகிய கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியின் துணைத் தலைவி!

இப்போது அவ்வூர்ப் பெண்கள் மறைப்பது திசையைத்தான், விலாசத்தை அல்ல. உங்கள் மகள் மைதானத்துக்குப் புறப்பட்டால் தடுப்பீர்களா?