சிவனொளிபாதச் சுவடும் அதன் தொன்மையும்

குருவிட்டவிலிருந்து எரத்ன வழியாகச் சிவனொளிபாதமலைக்குச் செல்லும் பாதை நெடியது, கடியது. மார்கழிப் பூரணை தொடக்கம் வைகாசிப் பூரணை வரை நிகழும் யாத்திரைக் காலத்தில் சிங்கள பௌத்தரும் தோட்டத் தமிழரும் மலை ஏறுவர். 2243 மீற்றர் உயரத்தில் அவர்கள் வணங்குவது ஒரே சுவடு. அது புத்தருடையது என ஒரு சாராரும், சிவனுடையது என மற்றொரு சாராரும், ஆதமுடையது என இசுலாமியரும் கொள்வர். இம்மூன்றில் எது உண்மை என்பதன்று ஈண்டு எழும் வினா. சுவடு தானும் அதன் பெயரும் எத்துணைத் தொன்மை உடையன என்பதே ஆராயற்பாலது.

முதலிற் சுவட்டை நோக்குவோம். 1817இல் மலையேறிய ஆங்கிலேய மருத்துவர் யோன் டேவி அதனை அளந்து எழுதியுள்ளார். நீளம் ஐந்தடி மூன்றேமுக்கால் அங்குலம். அகலம் ஏறத்தாழ இரண்டரை அடி. பாறையிலுள்ள ஆழமற்ற குழி அது. இயற்கை பாதி, மனிதக் கைவேலை பாதி என்பது அவர் கண்ட முடிபு. விரல்களைப் பிரித்துக் காட்டும் சிறு வரம்புகள் பின்னர் அமைக்கப்பட்டவை என்பதையும் அவர் கண்டார். 1859இல் எமர்சன் தெனன்றும் இயற்கைக் குழியொன்று செயற்கையாகப் பெருப்பிக்கப்பட்டது என்றே எழுதினார். 1344இல் இங்கு வந்த இபுனு பதூதாவோ சுவட்டின் நீளம் பதினொரு சாண் என்கிறார். சாண் ஒன்றை ஒன்பது அங்குலமாகக் கொள்ளின் அது எட்டடிக்கு மேற்படும். பயணியின் மிகைக்கூற்று இதுவெனலாம். இடைப்பட்ட காலத்திற் சுவட்டின் விளிம்பு மாற்றப்பட்டது எனலுமாம். எவ்வாறாயினும், கல்லில் ஒருமுறை பதிந்து மாறாது நிற்கும் அடையாளம் என்னும் எண்ணத்திற்கு இவ்வளவைகள் துணைசெய்யவில்லை.

ஏட்டுச் சான்றுகளும் இவ்வாறே படிப்படியாக வளர்ந்தவை. புத்தரின் மூன்றாம் இலங்கை வருகையைக் கூறும் தீபவம்சம் இம்மலையைக் குறிப்பிடவில்லை. அதற்குப் பிற்பட்ட மகாவம்சமே அவர் இங்கு அடிபதித்தார் என்கிறது. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுராதபுரத்தில் இரண்டாண்டு தங்கிய சீனத் துறவி பாகியான், ஓரடி நகருக்கு வடக்கிலும் மற்றையது மலையுச்சியிலும் பதிந்த கதையைக் கேட்டறிந்து எழுதினார். ஆகவே அக்காலத்தில் நம்பிக்கை வேரூன்றிவிட்டது என்பதில் ஐயமில்லை. முதலாம் விசயபாகுவின் (1055 - 1110) அம்பகமுவக் கல்வெட்டு யாத்திரிகருக்கு அளித்த கொடைகளைக் கூறும்.

இனிப் பெயருக்கு வருவோம். தமிழராகிய நாம் விருப்பு வெறுப்பின்றி நோக்கவேண்டிய இடம் இதுவே. இம்மலையைக் குறிப்பிடும் பழைய தமிழ் நூல் மணிமேகலை. அது மலையைச் 'சமந்தம்' என்றும் 'சமனொளி' என்றும் வழங்குகின்றது. உச்சியிலுள்ள அடிகளைப் புத்தருடையனவாகவே போற்றுகின்றது. சிவன் அங்கு இல்லை. 'சமனொளி' என்பது 'சமனொள' என்னும் சிங்கள வழக்கோடு ஒத்தது. மலைத்தெய்வமாகிய சமனின் பெயரை உட்கொண்டது. இதில் 'ஒளி' என்பதற்கு வெளிச்சம் எனப் பொருள்கொள்ளல் பொருந்தாது. பொருள் மறந்த பிற்காலத்தவர் நாவில் 'சமன்' 'சிவன்' ஆயிற்று எனக் கருத வலுவான இடமுண்டு. இத்தகைய சொன்மயக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. 'சமனல' என்பதற்கு வண்ணத்துப்பூச்சி எனப் பொருள்கண்டு, அப்பூச்சிகள் இறப்பதற்காக நாடிச் செல்லும் மலை எனச் சிங்கள மக்களும் கதை கூறுவர்.

சைவ உரிமைக்கு வரலாற்றுச் சான்றாகக் காட்டப்படுவது சீதாவாக்கை அரசன் முதலாம் இராசசிங்கன் (1581 - 1593) மலையைச் சைவத் துறவிகளாகிய ஆண்டிகளிடம் ஒப்படைத்த செய்தி. தந்தையைக் கொன்ற பாவத்திற்குக் கழுவாய் தேடி அவன் மதம் மாறினான் என்னும் சூளவம்சப் பகுதி, மலையை மீளவும் பிக்குகளிடம் அளித்த கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் (1747 - 1782) எழுதப்பட்டது. வென்றவரின் ஏடு வென்றவரைப் புகழ்தல் இயல்பே. எனினும் உரிமை கைமாறியது உண்மை. அது காட்டுவது பதினாறாம் நூற்றாண்டின் அரசியலையேயன்றிச் சுவட்டின் மூலத்தையன்று.

உரிமைப் பூசலுக்கு முந்திய காட்சியொன்றும் நம்மிடம் உண்டு. இபுனு பதூதா மலையேற விரும்பியபோது, பல்லக்கும் வழித்துணையும் அளித்தவன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. இசுலாமியப் பயணியோடு யோகியரும் பிராமணரும் கூடச் சென்றனர். ஆதமின் அடியைக் காணச் செல்பவனுக்குத் தமிழ் மன்னன் தடை கூறவில்லை. அடி யாருடையது என வினவியதாகவும் குறிப்பில்லை.

குருவிட்டவை அண்டிய பட்டதொம்பக் குகையில் முப்பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே மனிதர் வாழ்ந்தமையை அகழ்வுகள் காட்டியுள்ளன. அம்மாந்தர் அண்ணாந்து நோக்கிய உச்சியும் இதுவே. அவர்கள் அங்குக் கண்டது வெறும் பாறை. மரபே இன்னொன்றையும் கூறும்: மெய்யான சுவடு நீலக்கல்லொன்றில் அடியில் உள்ளது, யாத்திரிகர் காண்பது அதனை மூடிய பாறையின் மேல் அமைத்த வடிவமே. பக்தருள் ஐயுற்றோர் முன்பும் இருந்தனர் என்பதற்கு இக்கதையினும் வேறு சான்று வேண்டுமோ?