ஊர்ப் பெயர் சுமந்த மரம்

ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையிலிருந்து சென்னைக்குக் கப்பலேறிய மரமொன்றுக்குத் 'திருகோணமலை மரம்' என்பதே வணிகப் பெயர். சிங்களத்தில் ஹல்மில்ல, நம்மவருக்குச் சாவண்டலை. உறுதி அதிகம். சென்னைக் கரையில் பேரலைகளைத் தாண்டிச் சரக்கு இறக்கிய மசுலாப் படகுகளைக் கட்ட இந்தப் பலகை பயன்பட்டது. சாராயப் பீப்பாய்களுக்கும் இது உதவியது.

அன்று அப்படிக் கப்பலேறினாலும், இன்று இலங்கையில் நினைத்தபடி மரம் தறிக்க முடியாது. 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டப்படி, அரச காட்டில் அனுமதியின்றித் தறிப்பது குற்றம். வீட்டு வளவில் நின்ற முதிரை மரமானாலும், லொறியில் ஏற்றுமுன் போக்குவரத்து அனுமதிப்பத்திரம் வேண்டும். மரத்தின் வகை, அளவு, சேருமிடம் எல்லாம் அதில் இருக்கும்.

மரம் வாங்குவோரே, விலை பேசுமுன் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள்.