கோழிக்குஞ்சுகள் உயர்ந்த இடத்தில் அடையப் பழகுங் காலம்

தாயுடன் வளரும் நாட்டுக்கோழிக் குஞ்சு இரண்டாவது வாரத்திலேயே செங்கல், உரல் விளிம்பு முதலியவற்றின்மேல் பகலில் தாவி ஏறிப் பார்க்கும். ஆயினும் இரவில் தாயின் இறகுக்குள்ளேதான் ஒடுங்கும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் தாய் மறுபடி மரத்திலோ பரணிலோ அடையத் தொடங்கும்போது, குஞ்சுகளும் அதனைப் பின்தொடர்ந்து ஏறக் கற்கின்றன.

விளக்குச் சூட்டில் வளர்க்கப்படும் குஞ்சுகளுக்கோ வழிகாட்டத் தாயில்லை. சூடு நிறுத்தப்பட்ட முதலிரவுகளில் அவை ஒரு மூலையில் ஒன்றன்மேலொன்றாகக் குவிய, அடியிலுள்ளவை மூச்சுமுட்டி மாளும். காலையில் இதனைக் கொள்ளைநோயென்று கருதிக் கலங்குவது எளிது. செத்தவையெல்லாம் ஒரே மூலையில் நசுங்கிக் கிடப்பின் நெருக்கடியே காரணமெனக் கொள்ளலாம்.

ஆகவே நான்கு வாரம் முடியுமுன்னரே குறுக்குச் சட்டங்களை அமைத்துவிட வேண்டும். முதலில் தரையினின்று அரையடி உயரம் போதும். இரண்டு அங்குல அகலமும், மேல்விளிம்பு மழுங்கச் சீவப்பட்டதுமான மரச்சட்டம் ஏற்றது. ஒல்லியான கழியில் நெடுநாள் அடையும் பறவைக்கு நெஞ்செலும்பு வளைந்துபோகக்கூடும். அந்திக்குப்பின் மூலையில் ஒதுங்கியவற்றைச் சில இரவுகள் கையாலெடுத்துச் சட்டத்தின்மேல் வைத்துவந்தால், ஏனையவும் பார்த்துப் பழகும்.

இதன் பயன் பிற்காலத்திலும் உண்டு. நான்கு வாரத்திற்குள் சட்டம் பழகிய பெட்டைகள் தரையில் முட்டையிடுவது குறைவென்று ஸ்வீடன் தேசத்தில் நடத்தப்பெற்று 1999-ல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. தரைமுட்டை அழுக்கடைந்து விலை குன்றுமென்பதை முட்டை வியாபாரிகள் நன்கறிவர்.

குஞ்சுகள் வளர வளரச் சட்டத்தை உயர்த்தி, பறவையொன்றுக்கு அரையடி வீதம் இடம் விடுக. கனத்த ஜாதிக் கோழிகளுக்கு மட்டும் தாழ்வாகவே இருக்கட்டும்.